ஐ7னா ரெண்டு மடங்கு ஸ்பீடா? மாமா லேப்டாப்புக்கு ப்ராசசர் மாத்தின கதை

எங்க அக்கா வீட்டுக்காரர் விழுப்புரத்துல பத்தாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு கணக்கு ட்யூஷன் எடுக்குறாரு. கொரோனா சமயத்துல பாடத்தை வீடியோவா எடுத்து அனுப்ப ஆரம்பிச்சாரு, அது அப்படியே பழகிடுச்சு. இப்பவும் வாரத்துக்கு நாலு பாடமாவது மொட்டை மாடி ரூம்ல கரும்பலகை முன்னாடி நின்னு எடுத்து, தானே எடிட் பண்ணி பசங்களுக்கு அனுப்புவாரு. அவர்கிட்ட இருக்கறது திங்க்பேட் டி430, 2012ல வந்த மாடல். 2021ல செகண்ட் ஹேண்ட்ல 11,000 ரூபாய்க்கு வாங்கிக் குடுத்தது நான்தான், அதனால அதுக்கு தும்மல் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும்.

2024 மே மாசம் வந்த போன் இது. "மாப்ள, நாப்பது நிமிஷ பாடம்யா, அது ரெண்டர் ஆக ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்திருக்கேன். புதுசு வாங்கற அளவுக்கு இப்ப கைல இல்ல, அஞ்சாயிரத்துக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?"

ரெண்டர்ங்கறது எடிட் பண்ணினதை ஒரே வீடியோ ஃபைலா எழுதி முடிக்கற வேலை. ராத்திரி ஓட விட்டுட்டு தூங்குங்க மாமான்னுதான் மொதல்ல சொன்னேன். சும்மா தட்டிக் கழிக்க சொல்லல, நிறைய பேருக்கு அதுதான் சரியான பதில், பத்து பைசா செலவு கிடையாது. ஆனா அவரு ரெண்டர் முடிஞ்ச வீடியோவை ஒரு தடவை முழுசா பாத்துட்டுத்தான் அனுப்புவாரு, பாக்கும்போது எங்கயாவது ஒரு மைனஸ் சைன் விட்டுப் போயிருக்கும், அதை சரி பண்ணி மறுபடி ரெண்டர் போடணும், இதெல்லாம் சாயந்தரம் பசங்க வர்றதுக்குள்ள முடியணும். அதனால காத்திருக்கற நேரம் நெஜமாவே பிரச்சனைதான்னு ஒத்துக்கிட்டேன்.

அடுத்த கேள்வி, இது ப்ராசசரோட பிரச்சனைதானா? லேப்டாப் ஸ்லோன்னு சொல்ற பத்து பேர்ல ஒன்பது பேருக்கு கோளாறு வேற எங்கயோ இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, இல்ல 4 ஜிபி ராம்ல இருபது டேப் தொறந்து வெச்சிருப்பாங்க. இந்த மெஷின்ல அது ரெண்டையும் நான் வாங்கும்போதே முடிச்சாச்சு, 240 ஜிபி எஸ்எஸ்டி, 12 ஜிபி ராம், விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட். ரெண்டர் ஓடும்போது போன்லயே அவரை சிஸ்டம் மானிட்டர் தொறக்கச் சொல்லி பாத்தா நாலு த்ரெட்டும் (ப்ராசசர் ஒரே நேரத்துல எடுத்துக்கற வேலை வரிசை) நூத்துக்கு நூறு, ராம் பாதிகூட நிரம்பல, டிஸ்க் சும்மா உக்காந்திருக்கு. வீடியோ எழுதறது எக்ஸ்264ங்கற சாஃப்ட்வேர், அது எத்தனை கோர் (ப்ராசசருக்குள்ள தனித்தனியா வேலை செய்யற மூளை) குடுத்தாலும் பிரிச்சு மேய்ஞ்சுக்கும். அப்ப ப்ராசசர்தான். இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம யாரும் ப்ராசசர் வாங்கக் கூடாதுன்னு நான் சண்டைகூட போடுவேன்.

அடுத்தது மாத்த முடியுமாங்கறது. இன்னைக்கு வர்ற லேப்டாப்ல ப்ராசசரை போர்டோட சால்டர் பண்ணிடறாங்க, கழட்டற பேச்சே இல்ல. இன்டெல்ல 2வது, 3வது ஜெனரேஷன்ல சாதாரண லேப்டாப் நிறையவும், 4வதுல கொஞ்சமும் சாக்கெட்ல, அதாவது கழட்டி மாட்டற மாதிரி, வந்துச்சு, 5வதுல இருந்து அந்தப் பழக்கமே நின்னு போச்சு. மாடல் நம்பர் கடைசில இருக்கற எழுத்தை பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். யூன்னு முடிஞ்சா சால்டர், 4வது ஜெனரேஷன்ல ஹெச்க்யூன்னு இருந்தாலும் சால்டர். எம், க்யூஎம், எம்க்யூன்னு இருந்தா பெரும்பாலும் சாக்கெட். விண்டோஸ்ல சிபியு-இசட்ன்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் போட்டா பேக்கேஜ்னு ஒரு வரில சாக்கெட் பேரே காட்டும். மாமாவோடது 3வது ஜெனரேஷன் ஐ5-3320எம், சாக்கெட் ஜி2, 988 பின்.

சாக்கெட் ஒண்ணா இருந்தா எதை வேணா சொருகலாம்னும் நெனைக்காதீங்க. இதே ஜி2 சாக்கெட்தான் முந்தின மாடல் டி420லயும், ஆனா அதுல 3வது ஜெனரேஷன் ப்ராசசர் வெச்சா கச்சிதமா உக்காரும், பூட் ஆகாது, ஏன்னா அதோட பயாஸுக்கு (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற உள் சாஃப்ட்வேர்) அந்த ப்ராசசரை தெரியாது. அதனால டி430க்கு 3வது ஜெனரேஷனுக்குள்ளயே தேடறதுன்னு முடிவு பண்ணேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சனிக்கிழமை மதியம், மே மாச வெயில், அந்த சந்துல பைக்கும் ஆளும் இடிச்சுக்கிட்டு நிக்கற கூட்டம், ஒவ்வொரு கடைலயும் தலைய விட்டு "3வது ஜென் லேப்டாப் ப்ராசசர் இருக்கா"ன்னு கேட்டா பாதி பேர் "போர்டா சார்?"ன்னுதான் திருப்பிக் கேக்கறாங்க. மூணாவது கடைல ஒரு தம்பி டிராயர்ல இருந்து ஒண்ணு எடுத்து வெச்சாரு. "ஐ7 சார், உங்களுது ஐ5தானே, ரெண்டு மடங்கு ஸ்பீடு வரும், 2,200 குடுங்க."

வாங்கி திருப்பிப் பாத்தேன். ஐ7-3520எம்.

இந்த இடத்துலதான் முக்கால்வாசி பேர் காசை விடறாங்க. லேப்டாப்ல அந்தக் காலத்து ஐ7ன்னா நாலு கோர்னு அர்த்தம் இல்ல. 3520எம்ல இருக்கறது ரெண்டே கோர், நாலு த்ரெட், மாமாவோட ஐ5ல இருக்கற அதே கணக்கு. வித்தியாசம் என்னன்னா டர்போ (தேவைப்படும்போது தொடற உச்ச வேகம்) 3.3ல இருந்து 3.6 கிகாஹெர்ட்ஸ் ஆகும், கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கற குட்டி மெமரி) 3ல இருந்து 4 எம்பி ஆகும். ரெண்டர்ல பத்து சதவீதம் வந்தா பெருசு, எழுபது நிமிஷம் அறுபத்து மூணு ஆகும். அதுக்கு 2,200ஆ? நமக்கு வேணும்ங்கறது கடைசில க்யூஎம்ன்னு முடியறது, அந்த க்யூ இருந்தாத்தான் நாலு கோர், எட்டு த்ரெட். முன்னாடி இருக்கற ஐ7ஐ விட பின்னாடி இருக்கற க்யூதான் காசுக்கு மதிப்பு. தம்பிகிட்ட சொன்னேன், அவரும் சிரிச்சுக்கிட்டே "சார் விவரமா கேக்கறீங்க"ன்னு டிராயரை மூடிட்டாரு.

க்யூஎம்லயும் ரெண்டு ஜாதி. 3610க்யூஎம், 3740க்யூஎம் மாதிரி 45 வாட் ஆளுங்க ஒரு பக்கம், 3612க்யூஎம், 3632க்யூஎம்னு 35 வாட் ஆளுங்க ஒரு பக்கம். மாமாவோட ஐ5ம் 35 வாட்தான், அதுக்கு அளவெடுத்த ஹீட்சிங்கும் (சூட்டை இழுத்து வெளிய தள்ற உலோகத் தகடு) ஃபேனும்தான் உள்ள இருக்கு. 45 வாட் போட்டு ஓட்டறவங்க இருக்காங்க, தனி கிராஃபிக்ஸ் கார்டு வந்த டி430ல இருக்கற பெரிய ஹீட்சிங்கை தேடிப் புடிச்சு மாத்தறவங்களும் இருக்காங்க. ஆனா கூரைக்கு சீட்டு போட்ட மாடி ரூம்ல, விழுப்புரத்து மே மாசத்துல, மணிக்கணக்கா ரெண்டர் ஓடற மெஷினுக்கு நான் அந்த ரிஸ்க் எடுக்கறதா இல்ல. 3632க்யூஎம்னு முடிவு பண்ணிட்டேன். 2.2 கிகாஹெர்ட்ஸ் பேஸ் (சாதாரண வேகம்), டர்போ 3.2, கேஷ் 6 எம்பி.

இதெல்லாம் முன்னாடி அலிஎக்ஸ்பிரஸ்ல சல்லிசா கெடைக்கும், 2020 நவம்பர்ல அதை இந்தியால தடை பண்ணிட்டாங்க, அதனால இப்ப உள்ளூர்ல பழைய போர்டு பிரிக்கறவங்க கைல இருக்கறதுதான். ரெண்டு வாரம் கழிச்சு, போன் நம்பர் குடுத்துட்டு வந்த ஒரு கடைல இருந்து போட்டோ வந்துச்சு. 3,400 சொன்னாரு, 3,100க்கு முடிஞ்சது. போட்டோல நான் பாத்தது மூணு விஷயம். பின்பக்கம் பின் இருக்கான்னு, ஏன்னா இதே 3632க்யூஎம் சால்டர் பண்ற மாடலாவும் வந்திருக்கு, அதுல பின்னுக்கு பதிலா குட்டி குட்டி ஈய உருண்டைதான் இருக்கும். அடுத்தது இன்டெல் கான்ஃபிடென்ஷியல்னு எங்கயாவது அச்சடிச்சிருக்கான்னு, அப்படி இருந்தா அது டெஸ்டிங் சாம்பிள், ஓடினாலும் ஓடும், இல்லன்னா இல்ல. கடைசியா எஸ்ஆர்னு ஆரம்பிக்கற அஞ்சு எழுத்து கோட், அதை தேடினா எந்த மாடல்னு தெரிஞ்சிடும், வாய்ல சொல்றதை நம்ப வேண்டாம்.

பார்சல் வந்ததும் பிரிச்சா, ஃபோம் எதுவும் இல்லாம ஒரு ஜிப் கவர்ல போட்டு நியூஸ் பேப்பர் சுத்தி அனுப்பியிருக்காங்க. மூலைல மூணு பின் சாஞ்சிருக்கு. திருப்பி அனுப்பினா இன்னொண்ணு எப்ப வருமோ, அதனால டேபிள் லைட் கீழ உக்காந்துட்டேன். இந்த பின்னெல்லாம் தலைமுடி மாதிரி, உயரம்கூட ரெண்டு மில்லிமீட்டர் வராது. கண்ணு லெவலுக்கு சிப்பை தூக்கி வரிசை வரிசையா பாத்தா நேரா நிக்கறது எல்லாம் ஒரே கோடா தெரியும், சாஞ்சது மட்டும் அந்த சந்தை மறைக்கும். பழைய விசிட்டிங் கார்டை அந்த வரிசைக்குள்ள நுழைச்சு, மெதுவா, ஒரே தடவைல நிமித்தணும்னு ஆசைப்படாம, கொஞ்சம் தள்ளிப் பாத்து கொஞ்சம் தள்ளி. முன்னயும் பின்னயும் ரெண்டு மூணு தடவை ஆட்டினா பின் உடைஞ்சிடும், அதோட 3,100 ரூபாய் சாமிக்கு. முக்கால் மணி நேரம் ஆச்சு, என் பொண்ணு வந்து "என்னப்பா பேன் பாக்கறியா"ன்னு கேட்டுட்டுப் போனா.

விழுப்புரம் போனதும் ப்ராசசரை எடுத்து வெளிய வைக்கவே இல்ல. மொதல்ல பழைய ப்ராசசரோடயே ஒரு அளவு வேணும். அதே நாப்பது நிமிஷ பாடம், 1080பி, அதே செட்டிங், காலைல ஏழு மணிக்கு போட்டேன், 71 நிமிஷம். சூடு 97 டிகிரி வரைக்கும் போச்சு, அந்த நேரத்துல ஸ்பீடு 3.1ல இருந்து 2.5, 2.4ன்னு இறங்கி இறங்கி ஏறுது. சூடு தாங்காம தானே வேகத்தை குறைச்சுக்குது, நான் சந்தேகப்பட்டது இதைத்தான்.

தொறந்தேன். டி430ல அடிப்பக்கம் கீபோர்டு படம் போட்ட ரெண்டு ஸ்க்ரூவை கழட்டினா கீபோர்டு வெளிய வந்துடும், அப்புறம் கை வைக்கற பகுதி, மத்த ஸ்க்ரூ எல்லாம். இதுக்கு கம்பெனியே போட்ட சர்வீஸ் மேனுவல் இலவசமா கெடைக்குது, படத்தோட, அதை போன்ல தொறந்து வெச்சுக்கிட்டு பண்ணா போதும். ஃபேனை எடுத்து பாத்தா ஹீட்சிங்கோட தகட்டு முன்னாடி வெள்ளையா ஒரு படலம், இட்லித் துணியை மடிச்சு வெச்ச மாதிரி. என்னடான்னு பிச்சு எடுத்து விரல்ல தேச்சா சாக்பீஸ் தூள், பஞ்சோட சேந்து மூணு வருஷமா அழுந்தியிருக்கு. மாமா பக்கத்துலதான் நின்னாரு. "நான் வெளிய ஊதி துடைச்சுக்கிட்டுத்தானேயா இருந்தேன்"ங்கறாரு. ஊதினதுதான் உள்ள போயிருக்கு மாமா.

ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல சூடு கடத்தற பழைய பேஸ்ட் காஞ்ச விபூதி மாதிரி உதிருது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சுட்டு புது பேஸ்ட் வெச்சு பழைய ஐ5ஐயே திரும்ப மூடி, அதே பாடத்தை ஓட்டினேன். 62 நிமிஷம், சூடு 84க்கு மேல போகல. 350 ரூபாய் பேஸ்ட்டுல ஒன்பது நிமிஷம் மிச்சம். இதை தனியா அளக்காம விட்டிருந்தா இந்தப் பெருமையையும் சேத்து புது ப்ராசசர் தலைல கட்டியிருப்பேன், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, "மாத்தினேன் பறக்குது"ன்னுவாங்க, பறக்கறது பாதி தூசி போனதால.

மாத்தறதுக்கு முன்னாடி பயாஸை கடைசி வெர்ஷனுக்கு ஏத்திட்டேன். இது பழைய ப்ராசசர் உள்ள இருக்கும்போதே பண்ண வேண்டிய வேலை, புதுசு வெச்சு பூட் ஆகலன்னா அப்புறம் எதை வெச்சு அப்டேட் பண்றது? பேட்டரில சார்ஜும் இருக்கணும், கரன்ட்டும் சொருகியிருக்கணும். விழுப்புரத்துல அன்னைக்கு மெயின்டனன்ஸ்னு காலைல இருந்தே கரன்ட் போய்ப் போய் வந்துக்கிட்டு இருந்துச்சு, நல்லவேளை பேட்டரி உயிரோட இருந்துச்சு.

மாத்தற வேலை சொன்னா நம்ப மாட்டீங்க, அஞ்சு நிமிஷம். சாக்கெட் ஓரத்துல ஒரு தட்டை ஸ்க்ரூ இருக்கும், பக்கத்துலயே பூட்டு படம், தொறந்த பூட்டு படம். அதை அரை சுத்து திருப்பினா பின்னுங்களை புடிச்சிருக்கற பிடி விட்டுடும், ப்ராசசர் பூ மாதிரி கைல வரும். புதுசோட மூலைல தங்கக் கலர்ல ஒரு முக்கோணம், அதை சாக்கெட்ல இருக்கற அடையாளத்தோட பொருத்தி வெச்சா தன் எடைலயே இறங்கணும். அமுக்கவே கூடாது, அமுக்கணும்னு தோணுச்சுன்னா ஏதோ பின் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். லேப்டாப் ப்ராசசர் மேல டெஸ்க்டாப்ல இருக்கற மாதிரி உலோக மூடி கிடையாது, நடுவுல பளபளன்னு இருக்கறது சிலிக்கானேதான், அதனால ஹீட்சிங்கை ஒரு பக்கமா அழுத்தாம ஸ்க்ரூவை குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும், மூலை உடைஞ்சா முடிஞ்சுது கதை.

மூடி ஆன் பண்ணேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் கருப்பு.

அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு விசிட்டிங் கார்டுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அக்கா வேற சமையக்கட்டுல இருந்து "ஆச்சாடா?"ன்னு கேக்குது. மறுபடி எல்லாத்தையும் கழட்டிப் பாத்தா அந்த பூட்டு ஸ்க்ரூவை பாதிலயே விட்டிருக்கேன், அரை சுத்து முழுசா திரும்பல. திருப்பும்போது நடுவுல லேசா இறுகற மாதிரி இருந்துச்சு, அதான் முடிவுன்னு நெனச்சுட்டேன். முழுசா திருப்பி, பேஸ்ட்டை துடைச்சு திரும்ப வெச்சு மூடினா தானே ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகி லோகோ வந்துடுச்சு. பயாஸ்ல ஐ7-3632க்யூஎம்னு காட்டுது, மின்ட்ல எட்டு த்ரெட். டிரைவர் எதுவும் போட வேண்டியதில்ல, ஓஎஸ்ஸை தொடவே இல்ல.

மறுநாள் காலைல ஏழு மணிக்கு அதே பாடம். 37 நிமிஷம். 62ல இருந்து 37. சூடு 91 வரைக்கும் போச்சு, வேகம் பெருசா விழல. அதையே மதியம் ரெண்டு மணிக்கு அந்த சீட்டு ரூம்ல ஓட்டினேன், 41 நிமிஷம். அப்ப மாமா மூஞ்சியைப் பாக்கணும், பாடத்தோட நீளமும் ரெண்டரும் சமமா வந்துடுச்சுல்ல.

வராததையும் சொல்லிடறேன். பிரவுசர் முன்ன மாதிரியேதான் இருக்கு. ஆபீஸ் ஃபைல் தொறக்கற நேரமும் அதேதான். இருக்கத்தான் செய்யும், ஒரு கோர் மட்டும் வேலை செய்யற இடத்துல பழைய ஐ5 3.3 வரைக்கும் போச்சு, இது 3.2தான், கணக்குப் பாத்தா ஒரு பொடி குறைவுகூட. ஒரு விஷயம் மட்டும் கண்ணுக்கு தெரியற மாதிரி மாறினது யூட்யூப், அது வீடியோவை அனுப்பற விபி9 ஃபார்மட்டை பிரிக்க இந்த தலைமுறை கிராஃபிக்ஸுக்கு வழி இல்ல, எல்லாத்தையும் ப்ராசசரே பண்ணுது, அதனால முன்னாடி வீடியோ ஓடும்போது வேற வேலை செஞ்சா திக்கும், இப்ப திக்கல. கேம் ஆடலாமான்னு அக்கா பையன் கேட்டான், கிராஃபிக்ஸ் அதே ஹெச்டி 4000தான்டா, போய் படின்னு சொல்லிட்டேன்.

ரெண்டு தொல்லையும் வந்துச்சு. பழைய 65 வாட் அடாப்டர்ல ரெண்டர் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏறாம அப்படியே நிக்குது, அதனால 650 ரூபாய்க்கு பழைய 90 வாட் அடாப்டர் ஒண்ணு வாங்கினோம், 20 வோல்ட், 4.5 ஆம்ப், அதே உருண்டை பின். இன்னொண்ணு ஃபேன் சத்தம். முந்தின பாடம் ரெண்டர் ஆகும்போதே அடுத்த பாடத்தை ரெக்கார்ட் பண்றது மாமா வழக்கம், இப்ப ஃபேன் விடாம முழு வேகத்துல ஓடறதால "எக்ஸ் ஸ்கொயர்"ங்கும்போது பின்னாடி மாவு மில்லு ஓடற மாதிரி ஒரு சத்தம் மைக்ல விழுது. லேப்டாப்பை பக்கத்து ரூம்ல வெச்சுட்டு ரெக்கார்டிங்கை போன்ல பண்ணச் சொல்லிட்டேன்.

மொத்தம் ப்ராசசர் 3,100, பேஸ்ட் 350, அடாப்டர் 650, ஆக 4,100. என் பஸ் டிக்கெட்டை கணக்குல சேக்கல, அதுக்கு அக்கா மீன் குழம்பு போட்டுடுச்சு. 8வது ஜெனரேஷன் நாலு கோர் ரீஃபர்பிஷ்ட் லேப்டாப் அதே ரிச்சி ஸ்ட்ரீட்ல அப்ப 17,000க்கு மேல கேட்டாங்க. அது எல்லா விதத்துலயும் இதை விட உசத்தி, சூடு கம்மி, விபி9 எல்லாம் கிராஃபிக்ஸே பாத்துக்கும், விண்டோஸ் 11ம் ஏறும். 17,000 கைல இருந்திருந்தா நானே இந்த விசிட்டிங் கார்டு வேலையெல்லாம் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். விண்டோஸ்தான் வேணும்ங்கறவங்க 3வது ஜெனரேஷன்ல காசு போடவே வேண்டாம், விண்டோஸ் 11க்கு இன்டெல்ல 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் முறைப்படி ஆதரவு, 10க்கும் 2025 அக்டோபர் 14 வரைக்கும்தான் வழக்கமான அப்டேட்னு அப்பவே சொல்லியாச்சு. மாமா மின்ட்ல இருக்கறதால அந்தக் கவலை இல்லாம போச்சு.

கழட்டின ஐ5ஐ வித்தா என்ன கெடைக்கும்னு மாமா கேட்டாரு. முந்நூறு ரூபாய் தந்தா பெருசுன்னேன். அப்ப வேணாம் இருக்கட்டும்னு சாக்பீஸ் டப்பாக்குள்ள போட வந்தாரு, கையைப் புடிச்சு நிறுத்தி பின் படாம ஒரு ஃபோம்ல குத்தி தீப்பெட்டில வெச்சுக் குடுத்தேன். பீரோல இருக்கு.